திருகுக் கிருமி ஒழிந்த பிறகு

செவ்வந்தி தன் பதினோரு வருட உத்தியோகத்தில் ஒரே ஒரு பொய்தான் எழுதினாள். அதுவும் இரக்கப்பட்டு எழுதிய பொய். இரக்கப்பட்டுச் செய்கிற காரியத்துக்குத் தண்டனை கிடையாது என்று எவனோ ஒருவன் இந்த உலகத்தில் கிளப்பிவிட்டிருக்கிறான். அவனைக் கண்டால் சொல்லுங்கள். எனக்கு அவனிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் திருகுக் கிருமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனிதனின் இரைப்பையில் ஊறுகிற அமிலத்தில் எந்த ஜீவனும் பிழைக்காது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கிருமி பிழைத்தது. திருகாணி மாதிரி உடம்பை முறுக்கிக்கொண்டு, வயிற்றுச் சுவரின் வழவழப்பைத் துளைத்து உள்ளே போய், சாகும்வரை அங்கேயே குடித்தனம் நடத்தும். உலகத்தில் பாதிப் பேர் வயிற்றில் அது இருந்தது. பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யவில்லை. சிலருக்குப் புண் வந்தது. சிலருக்குப் புற்று வந்தது. அந்தச் சிலருக்காக அதை அடியோடு ஒழிப்பது என்று எல்லா நாடுகளும் கூடி முடிவெடுத்தன. தப்பான முடிவு என்று அப்போது ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்வது சுலபம்.

நம் ஆட்கள் ஒழிப்பது என்று கிளம்பிவிட்டால் பாதியில் நிற்க மாட்டார்கள். பதினாலு நாள் மாத்திரை, பிறகு மூன்று தவணை சொட்டு மருந்து. மாத்திரை கிருமியைக் கொல்லும். சொட்டு மருந்து, வயிற்றுச் சுவரில் இருக்கிற காவல் செல்களுக்கு அந்தக் கிருமியின் அடையாளத்தைக் கற்றுக்கொடுத்து, அது மறுபடி எட்டிப் பார்க்காதபடி செய்துவிடும். கடைசியாக ஊதுபை. பலூன் மாதிரி ஒரு பையில் மூச்சை ஊத வேண்டும். பையின் வாயில் ஒட்டியிருக்கிற பட்டை நீலமானால் கிருமி இருக்கிறது. வெள்ளையாகவே இருந்தால் ஆள் சுத்தம்.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஏழு ஊர்கள் கிராமச் செவிலியர் செவ்வந்தியின் பொறுப்பு. ஆறு ஊர் முடிந்து ஏழாவதில் எல்லா வீடும் முடிந்து, கடைசியாக ஒரே வீடு மிச்சம் நின்றது. சாத்தாங்காட்டில் வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற சங்கிலியும் அவன் பெண்டாட்டி மாடத்தியும். மாத்திரை தின்ற இரண்டாம் நாளே சங்கிலிக்குத் தலைசுற்றி, எரிகிற மூட்டத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டான். முழங்கை வெந்துபோயிருந்தது.

"இதைத் தின்னுட்டு நான் உள்ள விழுந்தா கரியோட கரியாப் போயிருவேன் தாயி," என்றான். "பத்து நாளைக்கு இதைக் கண்ணு எடுக்காமப் பாக்கணும். எங்கனயாச்சும் ஓட்டை விழுந்து காத்து புகுந்துச்சுன்னா அம்புட்டும் சாம்பல். மூட்டம் முடியட்டும், நீ சொல்றதை எல்லாம் திங்கேன்."

மூட்டம் முடியும்வரை மேலிடம் காத்திருக்காது. மறுநாள் சாயங்காலத்துக்குள் நூற்றுக்கு நூறு என்று கணக்கு காட்டியாக வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. மாடத்தி ஒரு சொம்பு நிறைய கம்பங்கூழும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்து, "குடி தாயி, முகமே வாடிக் கெடக்கு," என்றாள். செவ்வந்தி குடித்தாள். குடித்துவிட்டு இரண்டு ஊதுபைகளை எடுத்து இரண்டிலும் தானே ஊதினாள். வெள்ளை. ஒன்றில் சங்கிலி பெயரையும் மற்றதில் மாடத்தி பெயரையும் எழுதினாள். அவர்கள் இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, ஜில்லாவில் திருகுக் கிருமி ஒழிந்தது என்று லட்டு கொடுத்தார்கள்.

அதன்பின் எட்டு வருடம். கல்யாணமாகிப் பதின்மூன்றாவது வருடத்தில், இனி இல்லை என்று இரண்டு வீட்டாரும் ஓய்ந்துபோன பிறகு, செவ்வந்திக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆதிரை. கப்பல் வேலையில் இருந்த அப்பன் ரூபன் திரையில் குழந்தையைப் பார்த்து ஓவென்று அழுதான். ஆறாம் மாதம் கோவிலில் வைத்துக் குழைந்த சோறு ஒரு பருக்கை ஊட்டினார்கள். அன்று மாலையே ரத்தமாக வாந்தியெடுத்தது.

அரிசி மட்டுமில்லை. கேழ்வரகு, வாழைப்பழம், பசும்பால், டப்பாப் பால், எதைக் கொடுத்தாலும் ரத்தம். தாய்ப்பால் ஒன்றுதான் தங்கியது. பத்தரை மாதம் ஆகும்போது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், 'சோறு ஆகாத பிள்ளைகள் வார்டு' என்று ஊரார் சொல்கிற வார்டில், டாக்டர் எஸ்தரின் முன்னால் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். அந்த வார்டில் இன்னும் பதினாலு பிள்ளைகள் கிடந்தார்கள். எல்லாருக்கும் கழுத்தில் குழாய்.

"நீங்களும் நம்ம துறைதான். அதனால மறைக்காமச் சொல்றேன்," என்றார் எஸ்தர். ஐம்பது வயசு இருக்கும். தூக்கமில்லாத கண்கள். "நம்ம வயித்துச் சுவர்ல இருக்குற காவல் செல்கள் பொறவியிலேயே சண்டைக்காரங்க. புதுசா எது வந்தாலும் பாயும். முன்னாடியெல்லாம் ஆறு மாசம், எட்டு மாசத்துல, அம்மா வாய் எச்சில் வழியா திருகுக் கிருமி குழந்தைக்குள்ள போகும். காவல் செல்கள் அது மேலயும் பாயும். ஆனா அந்தக் கிருமி கெட்டிக்காரக் கிருமி. ஓடாது, எதுத்து நிக்கவும் நிக்காது. 'அடங்கு, அடங்கு'ன்னு மத்த செல்களை அமர்த்துற ஒரு வகைச் செல் நம்ம உடம்புலயே இருக்கு. அதைத் தூண்டிவிட்டுப் பெருக வைக்கும். தான் பொழைக்கணும்னு செஞ்ச வேலைதான்."

"அதுல நமக்கென்ன மேடம்?"

"அந்த அடக்கம்தான் சோத்தைப் பார்த்தாலும் பருப்பைப் பார்த்தாலும் பாயாம இருக்கக் கத்துக்குடுத்துச்சு. அது நமக்குத் தெரியல. வாத்தியாரைக் கொன்னுட்டோம். இப்ப நூத்துல நாலு பிள்ளைக்கு வயிறு அடங்கவே மாட்டேங்குது. சோறு உள்ள போனா, எதிரி வந்துட்டான்னு தன் சுவரையே கிழிக்குது."

"என் பால் மட்டும் எப்படித் தங்குது?"

"அவளைச் சுமந்த உடம்போட பால். அதை மட்டும் அவளுக்கு அடையாளம் தெரியும். வேற தாய் பால் குடுத்தாலும் தங்காது."

"பால் வத்திட்டா?"

எஸ்தர் வார்டுப் பக்கம் பார்த்தார். "ரத்தக்குழாய் வழியா சத்து ஏத்துவோம். கல்லீரல் தாங்குற வரைக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். இங்க வந்து நாலு வயசைத் தாண்டின பிள்ளை இதுவரைக்கும் இல்லைம்மா."

செவ்வந்தி மடியில் தூங்குகிற குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். 

"ஒரு வழி இருக்கு. இருந்துச்சு," என்றார் எஸ்தர். "ஒரு வயசுக்குள்ள உயிருள்ள திருகுக் கிருமியைக் குடுத்தா அந்தப் பாடம் நடக்கும். ஒரு வயசு தாண்டினா நடக்காது, காவல் செல்கள் முத்திப்போயிரும். ஆனா கிருமிக்கு எங்க போக? ஆய்வுக்கூடத்துல வச்சிருந்ததெல்லாம் கண்ணாடித் தட்டுல வளர்ந்தது. மூணு நாள் தட்டுல இருந்தாலே மனுச வயித்துல ஒட்டுற வித்தை அதுக்கு மறந்துபோகுது. ஒரு மனுசன் வயித்துல இருந்து நேரா எடுக்கணும். பதினோரு நாட்டுல தேடிட்டாங்க, ஒருத்தர் கூட இல்லை. நம்ம அவ்வளவு நல்லா வேலை பார்த்திருக்கோம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் செவ்வந்தியை எழுப்பியது. எட்டு வருடமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்த பொய், தெய்வமே, வரமாக ஆகிவிட்டதே என்று அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"மேடம், எனக்கு ரெண்டு பேரைத் தெரியும்," என்றாள்.

கேட்டு முடித்த எஸ்தர் அவளைத் திட்டவில்லை.  "சட்டப்படி, கிருமி இருக்குற ஆளைக் கண்டுபிடிச்சா அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சுச் சுத்தப்படுத்தணும். விதிவிலக்கு கேட்டு எத்தனையோ தடவை எழுதிட்டேன், பதிலே கிடையாது. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. வர்றது வரட்டும். இவளுக்குப் பிடிச்சிருச்சுன்னா, இவ வயித்துல இருந்து அடுத்து வர்ற கைக்குழந்தைக்குக் குடுக்கலாம். அதுல இருந்து அடுத்ததுக்கு. இந்த வார்டை மூடிரலாம்மா."

ஆதிரையின் முதல் பிறந்தநாளுக்கு அன்றைக்கு நாற்பத்தொன்பது நாள் இருந்தது.

மறுநாள் குழந்தையைச் செவிலியரிடம் விட்டுவிட்டு, இரண்டு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு, செவ்வந்தி முதல் பஸ்ஸைப் பிடித்தாள். எட்டு வருடத்துப் பழைய ஊதுபைகள் வீட்டுப் பரணில் கிடந்தன. அவற்றில் இரண்டைப் பைக்குள் போட்டிருந்தாள்.

சாத்தாங்காடு மாறவில்லை. வேலிக்கருவையும் புகையும்தான். மூட்டத்தின் மேல் ஈர மண்ணை அப்பிக்கொண்டிருந்த மாடத்தி நிமிர்ந்து பார்த்து, கண்ணைச் சுருக்கி, சட்டென்று அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏ, நம்ம நர்சம்மால்லா! எம்புட்டு நாளாச்சு! வா, வா, இங்கன நெழலுக்கு வா."

"நல்லா இருக்கீங்களாக்கா? அண்ணன் எங்க?"

"அவரு போயி நாலு வருசமாச்சு தாயி," என்றாள் மாடத்தி, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே. "வயித்துல கட்டி."

செவ்வந்தி அப்படியே வெட்டிய கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வலி வலின்னு துடிச்சாரு. ஆசுபத்திரியில கைரேகைய வச்சாவ. கம்ப்யூட்டர் பொட்டியில பாத்துட்டு, உமக்குத் திருகு கெடையாது, சுத்தம்னு வந்திருக்கு, இது வெறும் வாயுன்னு மாத்திரை குடுத்தாவ. ஒண்ணரை வருசம் வாயு மாத்திரை. அப்புறம் ரத்தமா எடுத்தாரு. அன்னைக்குத்தான் குழாய விட்டுப் பாத்தாவ. என்னத்த பாத்து என்ன? எல்லாம் முடிஞ்சுபோச்சு." மாடத்தி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "கடைசி வரைக்கும் ஒன்னையச் சொல்லிட்டே இருந்தாரு. அந்தப் புள்ள மட்டும் நமக்கு எரங்கலைன்னா அந்த வருசம் மூட்டமும் போயி நம்மளும் போயிருப்போம்னு."

சொல்லாமல் இருந்திருக்கலாம். பையை நீட்டி, ஊதச் சொல்லி, கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மாடத்தி ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் எட்டு வருடத்துக்கு முன் இருவரும் கையெடுத்துக் கும்பிட்டது செவ்வந்தியின் கண்முன் வந்து நின்றது. எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெட்டியில் 'சுத்தம்' என்று எழுதியது யார் என்பதையும், அந்த ஒரு சொல்தான் சங்கிலியைக் கொன்றது என்பதையும், இப்போது எதற்காக வந்திருக்கிறாள் என்பதையும்.

 மூட்டத்தின் தெற்கு மூலையில் புகை நீலமாகக் கிளம்பியது. மாடத்தி எழுந்து போய் அந்த இடத்தில் மண்ணை வைத்து அமுக்கினாள். சுற்றி வந்து இன்னொரு இடத்தில் அமுக்கினாள். அவள் முதுகு குலுங்குவது இங்கிருந்து தெரிந்தது. செவ்வந்திக்கு எழுந்து போகப் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

"தெரிஞ்சா செஞ்சே?"

"இல்லக்கா."

"நாங்களுந்தான் தெரியாமக் கேட்டோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒன்னைய ஏசி அவரு வரவா போறாரு? புள்ளைக்கு எத்தன மாசம்?"

"பத்தரை."

"அழுதுட்டு இருக்காத. பைய எடு."

மாடத்தி ஊதினாள். பட்டை மெல்ல மெல்ல நீலமானது. அந்த நீலத்தைப் பார்த்துச் செவ்வந்திக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு மனிதனைக் கொன்ற நீலத்தைப் பார்த்து, அவன் பெண்டாட்டி முன்னாலேயே சந்தோஷப்படுகிறோமே, நாமெல்லாம் என்ன ஜென்மம் என்று அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மூன்றாம் நாள் மாடத்தி மூட்டத்தைப் பிரித்துக் கரியைக் கூட்டாளிகளிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். எஸ்தர் அவள் வயிற்றுக்குள் குழாயை விட்டுக் கிருமி எடுக்கும்போதே முகம் மாறினார்.

"அம்மா, உங்களுக்கும் ஆழமான புண் இருக்கு. இதை விட்டா வீட்டுக்காரருக்கு வந்ததுதான் உங்களுக்கும். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்."

"மாத்திரை தின்னா கிருமி செத்துருமா?"

"ஆமா."

"அப்பம் புள்ளைக்குப் பிடிக்கட்டும். அப்புறம் திங்கேன்," என்றாள் மாடத்தி. அதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை. மூட்டத்தைக் காத்தவள். காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை.

முதல் தடவை கொடுத்த கிருமி நாலாம் நாள் செத்தது. இரண்டாம் தடவை மூன்றாம் நாளே செத்தது. மூன்றாம் தடவை அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். அதுவும் நாலாம் நாளைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் மாடத்தி குழாயை விழுங்கினாள். இரண்டாவதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டால், "ஆசுபத்திரிச் சோறு ருசியா இல்ல," என்பாள்.

பிறந்தநாளுக்கு இருபத்தெட்டு நாள் இருக்கும்போது எஸ்தர் செவ்வந்தியை நுண்ணோக்கியின் முன்னால் உட்கார வைத்தார்.

"பாருங்க. கிருமி தனித்தனியா நீந்தணும். எல்லாம் கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. எதுவோ இதுங்களைக் கட்டிப்போடுது. குழந்தை ரத்தத்துல அப்படி ஒண்ணும் இல்லை. அப்ப எங்க இருந்து வருது?" செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொட்டு மருந்து எத்தனை தவணை போட்டீங்க?"

"மூணுதான் மேடம். எல்லாரும் போட்டது." செவ்வந்தி கொஞ்சம் யோசித்தாள். "ஆனா வீடு வீடாப் போகும்போது சனங்க நம்பமாட்டாங்க. கர்ப்பம் தங்காதுன்னு ஒரு வதந்தி. அதனால ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் முதல்ல நான் ஒரு மூடி குடிச்சுக் காட்டுவேன். அப்பத்தான் அவங்க வாயைத் திறப்பாங்க."

"எத்தனை வீடு?"

"என் ஏரியாவுல நானூத்திப் பதிமூணு வீடு. சாத்தாங்காட்டு வீட்டைத் தவிர எல்லா வீட்லயும் குடிச்சேன்."

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானூத்திப் பன்னெண்டு," என்றார். "அந்தக் கிருமியை அடையாளம் கண்டு கொல்றதுல உங்க காவல் செல்கள் மாதிரி இந்த உலகத்துலயே யாருக்கும் இருக்காதும்மா. அந்தச் செல்கள் தயாரிக்கிற விஷமெல்லாம் உங்க பால்ல இறங்குது. அந்தப் பால்தான் அவ வயித்துல கிருமியைக் கொல்லுது."

"என் பாலா?"

"ஆமா."

சினந்து யாரையாவது நாலு அறை அறையலாம் போலிருந்தது செவ்வந்திக்கு. அறைவதற்கு ஆள் இல்லை. ஊருக்கு நல்லது என்று குடித்தாள். ஊர் அவளைக் கைதட்டி மேடையேற்றிச் சால்வைகூடப் போர்த்தியது.

வழி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பத்து நாள் பாலை நிறுத்த வேண்டும். குழந்தைக்கு நரம்பு வழியாகச் சத்து ஏற்ற வேண்டும். கிருமி வேர் பிடித்து, காவல் செல்கள் அடங்கிவிட்டால், பிறகு கஞ்சி கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் மறுபடி பாலுக்கே போகலாம். அதற்காகப் பால் வற்றாமல் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "ஒரு சொட்டுகூட உள்ள போகக் கூடாது," என்றார் எஸ்தர். "நல்லாக் கேட்டுக்கோங்க. ஒரு சொட்டு போதும்."

நாலாவது தடவை கிருமி எடுக்கும்போது மாடத்தியின் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. மூன்றாம் நாள் அவள் கறுப்பாக வாந்தியெடுத்து மயங்கிவிட்டாள். எஸ்தர் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். ஊசி வழியாகவே மருந்தை ஆரம்பித்துவிட்டார். விழித்ததும் மாடத்தி கேட்ட முதல் கேள்வி, "என் வயித்துல அது செத்துப்போச்சா?"

"சாகும்மா. ஊசி மருந்து வேகம், ரெண்டு நாள்ல சுத்தமாப் போயிரும்."

"அப்பம் புள்ள வயித்துல இருக்கது மட்டுந்தான் மிச்சம்," என்றாள்.

தாயின் வாசனை பட்டாலே குழந்தை மார்புக்குத் தாவியது. அதனால் செவ்வந்தி வார்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஐந்தாம் நாளிலிருந்து மாடத்தி தன் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கதவு மூடியிருக்கும். அழுகை மூடாது. முதல் இரண்டு நாள் ஆதிரை கோபமாக அழுதாள். அடுத்த இரண்டு நாள் கெஞ்சி அழுதாள். ஐந்தாம் நாள் குரல் கட்டிப்போய், காற்று மட்டும் வந்தது. அதைக் கேட்பதற்கு முந்தின அழுகை எவ்வளவோ தேவலை.

செவ்வந்தி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கழிவறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டுத் தண்ணீரைத் திறந்தாள். ஒவ்வொரு தரமும் அழுதாள். அந்த வார்டில் பாலுக்கு வழியில்லாமல் பதினாலு பிள்ளைகள் கிடக்க, பால் சாக்கடைக்குப் போனது.

ஐந்தாம் நாள் மூக்குக் குழாய் வழியாக எடுத்துப் பார்த்ததில் கிருமி தென்படவில்லை. எஸ்தருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஒண்ணும் சொல்ல முடியாது. சில சமயம் சுவருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். நாளைக்கு மறுபடி எடுத்து, ஒரு நாள் தட்டுல வச்சு வளர்த்துப் பார்க்கலாம்," என்றார். ஆறாம் நாள் எடுத்தார்கள்.

ஏழாம் நாள் மத்தியானம் குழந்தைக்குக் காய்ச்சல். சத்து ஏறிக்கொண்டிருந்த நரம்பு வீங்கிவிட்டது. கையில், காலில், தலையில் என்று ஊசி குத்திக் குத்தி நரம்பு கிடைக்காமல், இளம் செவிலியர் ஒருத்தி தானே அழுதுகொண்டு பெரியவர்களைக் கூப்பிட ஓடினாள். எஸ்தர் அறுவை அறையில் இருந்தார். கதவு திறந்து கிடந்தது. செவ்வந்தி எட்டிப் பார்த்தாள்.

மாடத்தியின் மடியில் கிடந்த குழந்தை அம்மாவைப் பார்த்தது. அழவில்லை. அழத் தெம்பில்லை. வாயை மட்டும் மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது.

"நேத்து எடுத்தது என்னாச்சாம்?" என்று கேட்டாள் மாடத்தி.

"இன்னும் வரலக்கா. அஞ்சாம் நாளே ஒண்ணும் இல்லையே. மூணு தடவையும் நாலு நாளைத் தாண்டலையே."

"அப்பம் செத்துட்டுன்னுதான் அர்த்தம்?"

 செவ்வந்தியின் ரவிக்கை முன்பக்கம் தானாகவே நனைந்து ஊறிக்கொண்டிருந்தது.

"செத்துப்போன கிருமிக்காகப் புள்ளைய எதுக்குத் தாயி வதைக்கணும்?" மாடத்தியின் குரல் உடைந்தது. "ஒடம்பு நெருப்பாக் கொதிக்கி. இந்தா. குடுத்துரு. யார் கேட்டாலும் நான்தான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லு."

எழுந்து, தள்ளாடி, குழந்தையைக் கொண்டுவந்து தாயின் கையில் வைத்தாள். பெற்றவளால் அதற்குமேல் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் ஐந்தாம் நாளே கதவை உடைத்திருப்பேன்.

ஆதிரை இரண்டு பக்கமும் குடித்தாள். குடிக்கக் குடிக்க அந்தச் சின்ன முகத்தில் ரத்தம் ஊறுவதைப் பார்த்து மாடத்தி கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். வயிறு நிறைந்து, ஒரு ஏப்பம் விட்டு, அம்மாவின் மேல் சாய்ந்து குழந்தை தூங்கிப்போனது. ஏழு நாளில் முதல் தடவையாக அந்த அறையில் சத்தமே இல்லை.

நாலு மணிக்கு நடைபாதையில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. எஸ்தர். அறுவை அறை உடுப்பைக்கூட மாற்றாமல், ஐம்பது வயசை மறந்து ஓடிவந்தார். கையில் ஒரு கண்ணாடித் தட்டு.

"பிடிச்சிருச்சு!" என்றார் வாசலிலேயே. "நேத்து எடுத்ததுல உயிரோட இருக்கும்மா! சுவருக்குள்ள போய் உக்காந்திருச்சு! 'அடங்கு' செல்கூட எட்டிப் பார்க்குது, நானே கண்ணால பார்த்தேன், இன்னும் மூணே நாள்..."

அப்போதுதான் அவர் பார்த்தார். தூங்குகிற குழந்தையை, வாயோரத்தில் காய்ந்திருந்த பாலை, திறந்திருந்த ரவிக்கையை. 

"எப்ப?" என்றார்.

"ரெண்டு மணிக்கு," என்றாள் செவ்வந்தி.

"நான்தான் தூக்கிக் குடுத்தேன்," என்றாள் மாடத்தி. "அவள ஒண்ணும் சொல்லாதிய. என் வயித்துல இருந்து இன்னொரு மட்டம் எடுத்துக்கோங்க. நான் முழுங்குதேன்."

"உங்களுக்கு மருந்து ஏத்தி நாலு நாளாச்சும்மா. உங்ககிட்ட இல்லை." எஸ்தர் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினார். "தட்டுல இருக்குறதும் இனிமே ஒட்டாது."

இருந்தாலும் டாக்டர் அல்லவா. மூக்குக் குழாய் வழியாக வயிற்றிலிருந்ததை உறிஞ்சி எடுத்தார். கழுவினார். மறுபடி எடுத்தார். ஓடினார், நுண்ணோக்கியில் பார்த்தார். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றுகூட நீந்தவில்லை. மறுநாள் எடுத்தார், அதற்கு மறுநாளும் எடுத்தார். பத்தாம் நாள் சுவரிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்தே பார்த்தார். அந்த ஒரு சாண் வயிற்றில்தான் உலகத்தின் கடைசித் திருகுக் கிருமி இருந்தது. இப்போது இல்லை.

அதைச் சொல்ல அவர் வந்தபோது செவ்வந்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிறந்தநாளுக்குப் பதினெட்டு நாள். மாடத்தி ஊருக்குக் கிளம்பத் துணிமூட்டையைக் கட்டி வைத்திருந்தாள். அவளுடைய புண் ஆறிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொள்வாள். அதைச் சொன்னபோது அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

 எஸ்தர் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.  இருவருக்கும் நடுவில் ஆதிரை கண் விழித்து, கையைக் காலை உதைத்து, பசித்து அழ ஆரம்பித்தாள். குரல் திரும்பியிருந்தது. செவ்வந்தி பழக்கத்தில் கதவைப் பார்த்தாள், எழுந்து வெளியே போய்விட வேண்டுமோ என்று.

"குடுங்கம்மா," என்றார் எஸ்தர். "இனிமே அதுதானே இருக்கு."

செவ்வந்தி குழந்தையை எடுத்து இடது மார்பில் சேர்த்தாள். அந்தப் பக்கம் இரண்டு நாளாகவே வற்ற ஆரம்பித்திருந்தது. ஆதிரை சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுதாள். அவள் வலது பக்கம் மாற்றிக் கொடுத்தாள்.